விறகுக்கு எந்தக் கத்தி: கோத்தகிரித் தோட்ட வீடு ஒன்றில் மூன்றாவது முறை சரியான தேர்வு

கோத்தகிரியிலிருந்து கட்டபெட்டு போகும் பாதையை ஒட்டி, ஒன்றரை ஏக்கர் தேயிலையோடு ஒரு வீடு. சமையல் கேஸில் நடக்கிறது. குளிக்கும் வெந்நீருக்கும், டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை மாலையில் மூட்டும் கணப்புக்கும் விறகுதான். கோடாலி ஏற்கெனவே இருக்கிறது. அதற்குத் துணையாக ஒரு பெரிய கத்தி வேண்டும் என்று தேடத் தொடங்கி, ஒன்றரை ஆண்டுக்குள் மூன்று கத்தி வாங்கிவிட்டார்கள். முதல் இரண்டும் மட்டமான சரக்கு அல்ல. அவை பிறந்த வேலை வேறு, இங்கே கொடுத்த வேலை வேறு. மூன்றாவதும் முதல் வாரத்தில் குப்பைக்குப் போக இருந்தது. ஏன் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

கத்திக்கு முன் விறகு

இந்த வீட்டு விறகுக் கொட்டகையில் நான்கு வகை மரம் இருக்கிறது. நான்கும் நான்கு குணம்.

முதலாவது கவாத்துக் குச்சி. நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை தேயிலையைக் கவாத்து செய்யும்போது கிடைப்பது. விரல் பருமனிலிருந்து கட்டைவிரல் பருமன் வரை இருக்கும். பார்க்கச் சிறியது, ஆனால் காய்ந்துவிட்டால் கம்பிபோல் ஆகிவிடும். கோணலும் கிளையும் அதிகம் என்பதால் கத்தியைத் தட்டிவிடும்.

இரண்டாவது சில்வர் ஓக் கிளை. தேயிலைக்கு நிழல் தர நட்ட மரம். மழைக்கு முன் கிளை கழிக்கும்போது வருகிறது. காய்ந்தால் லேசானது, மொறுமொறுப்பானது, எந்தக் கத்திக்கும் கட்டுப்படும். ஒரே எச்சரிக்கை: இதன் பாலும் தூளும் சிலருக்குத் தோலில் அரிப்பையும் கொப்புளத்தையும் உண்டாக்கும். பச்சைக் கிளை வெட்டுகிற நாளில் முழுக்கைச் சட்டை போடுவது நல்லது.

மூன்றாவது சீகை. சமவெளிக்காரர்கள் தலைக்குத் தேய்க்கும் சீகைக்காயை நினைத்துக்கொள்வார்கள். நீலகிரியில் சீகை மரம் என்றால் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டில். பட்டை தோல் பதனிடப் போனது, கட்டை அடுப்புக்கு வந்தது. கனமான, நன்றாக நின்று எரியும் விறகு. கத்திக்குச் சோதனை வைக்கும் மரமும் இதுதான். காய்ந்த சீகைக் கணுவில் வாய் மெலிந்த கத்தி பட்டால், பல் பெயரும் அல்லது மடங்கும்.

நான்காவது கற்பூர மரம், அதாவது யூக்கலிப்டஸ். 1843-இல் நீலகிரிக்கு வந்தது. இதன் நார் நேராக ஓடாது, முறுக்கிக்கொண்டு ஓடும். பச்சையாக இருக்கும்போது பிளந்தால் பிளக்கும். ஆறு மாதம் காயவிட்டுப் பிளக்கப் போனால் கோடாலியே உள்ளே மாட்டிக்கொண்டு நிற்கும். எனவே கற்பூரக் கட்டை வந்த வாரத்திலேயே கோடாலியும் ஆப்பும் வைத்துப் பிளந்து அடுக்கிவிட வேண்டும். கத்தியின் பங்கு, பிளந்த துண்டை மேலும் சிம்பு சிம்பாக்குவதோடு சரி.

இதையெல்லாம் எழுதி வைத்துப் பார்த்தால் கத்தியின் வேலை தெளிவாகிறது. கட்டைவிரல் பருமனிலிருந்து மணிக்கட்டுப் பருமன் வரையுள்ள கிளையை ஒன்றேகால் அடி நீளத்துக்குத் துண்டிக்க வேண்டும், ஏனென்றால் வெந்நீர் அடுப்பின் வாய் அவ்வளவுதான். கோடாலி பிளந்து தந்த துண்டை, முதுகில் கட்டையால் தட்டி, பற்றவைக்கும் சிம்பாகப் பிளக்க வேண்டும். மணிக்கட்டுக்கு மேல் போனால் ரம்பம், இரண்டு கையால் சுற்றிப் பிடிக்கும் பருமனுக்கு மேல் போனால் கோடாலி. இந்த எல்லையை மீறிக் கத்தியிடம் வேலை கேட்பவர்கள்தான் "கனமா ஒண்ணு கொடுங்க" என்று கடைக்காரரிடம் ஒன்றரைக் கிலோ கத்தியை வாங்கி, பத்து நிமிடத்தில் தோள் வலித்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

எடையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடலாம். எடையை இரட்டிப்பாக்கினால் அடியின் விசைச் சக்தி இரண்டு மடங்காகும். வீசும் வேகத்தை இரட்டிப்பாக்கினால் நான்கு மடங்காகும். கை களைத்து வேகம் குறைந்தால், கனமான கத்தியின் லாபம் போய்விடும். நடுத்தர உடல்வாகு உள்ளவருக்குப் பிடியோடு சேர்த்து 750 முதல் 900 கிராம் வரை போதும்.

முதல் கத்தி: பயத்தில் வாங்கிய நீளம்

கோத்தகிரி பக்கம் கரடி நடமாட்டம் உண்டு, காட்டு மாடும் தேயிலைக்குள் மேயும். "கையில நீளமா ஒண்ணு இருக்கட்டும்" என்று தென் மாவட்டத்திலிருந்து வரவழைத்தது வீச்சரிவாள். வாய் 18 அங்குலம், முதுகு கைப்பிடியருகே மூன்றரை மி.மீ., நுனி உள்நோக்கி வளைந்தது. கரடிக்கு எதிராக அரிவாள் எதற்கும் உதவாது என்பது ஒருபுறம் இருக்கட்டும். விறகுக்கு அது ஏன் ஆகவில்லை என்பதற்கு மூன்று காரணம்.

முதல் காரணம், வளைவு. வீச்சரிவாளின் வாய் உள்வளைந்தது. கருவேல முள்ளையும் தென்னை மட்டையையும் அந்தரத்தில் வெட்டும்போது, அந்த வளைவு கிளையை நழுவவிடாமல் இழுத்துப் பிடிக்கும். தட்டையான அடிக்கட்டையின் மேல் வைத்து வெட்டினால் கதை மாறுகிறது. நுனி முதலில் கட்டையில் குத்தும், நடு வாய் கட்டையைத் தொடாது. கிளையின் கடைசி நார் வெட்டுப்படாமல் தொங்கும். அதைப் பிய்க்கக் கையை நீட்டுவது இரண்டாவது தவறு.

அடுத்தது, வாயின் மெலிவு. முள்ளுக்கும் பச்சைக்கும் ஏற்றபடி மெல்லியதாகத் தீட்டிய வாய். மூன்று வாரத்தில் சீகைக் கணுவில் பட்டு ரம்பப் பல் மாதிரி ஆகிவிட்டது.

பிறகு இடம். கொட்டகைக்குப் பின்னால் நாலடி அகலச் சமதளம், அதற்கு அப்பால் மேடு, இப்பால் தேயிலைச் சரிவு. 18 அங்குல வாயோடு ஐந்தரை அங்குலப் பிடி, அதோடு கையின் நீளம் சேர்ந்தால், வீச்சின் வட்டம் பின்னால் மேட்டில் இடிக்கும். இடிக்காமல் வீச உடலைத் திருப்பினால் ஈரத் தரையில் கால் வழுக்கும். மலையில் வாய் நீளம் 10 முதல் 12 அங்குலத்துக்கு மேல் வேண்டாம் என்பதற்குப் பெரிய காரணம் இந்தச் சரிவுதான்.

இரண்டாவது கத்தி: படத்தைப் பார்த்து

இணையத்தில் வாங்கியது. மேச்செட் என்று சொல்லும் வகை, துருப்பிடிக்காத எஃகு, முதுகு 2 மி.மீ., பிளாஸ்டிக் பிடி. மேச்செட் கரும்பும் புல்லும் கொடியும் வெட்டப் பிறந்த கருவி. மெல்லிய தகடு வேகமாகப் போய்ப் பச்சைத் தண்டை அறுக்கும். அதற்காகத்தான் அத்தனை மெலிவு. காய்ந்த மரத்தில் அதே மெலிவு எதிரியாகிறது. வாய் உள்ளே இறங்கும், ஆனால் மரத்தை இரண்டு பக்கமும் தள்ளிப் பிளக்க ஆப்பு மாதிரியான கனம் பின்னால் இல்லை. ஆகவே மாட்டிக்கொள்ளும். மாட்டாத அடியில் தகடு அதிர்ந்து, அந்த அதிர்வு பிடி வழியாக மணிக்கட்டுக்கு வரும். கால் மணி நேரத்தில் உள்ளங்கை விறுவிறுக்கும். கட்டையால் முதுகில் தட்டிப் பிளக்கப் பார்த்ததில் தகடு லேசாக வளைந்தது. அத்தோடு நிறுத்திக்கொண்டார்கள்.

சுற்றுலாக் கடைகளில் பளபளவென்று தொங்கும் குக்ரியையும் ஒருமுறை எடுத்துப் பார்த்தார்கள். உண்மையான குக்ரி 8 மி.மீ.க்கும் மேல் முதுகு கொண்ட, விறகுக்கு நன்றாகவே உழைக்கும் கத்தி. ஆனால் நினைவுப் பொருளாக விற்பது பெரும்பாலும் மெல்லிரும்பு. கார்பன் 0.2 சதவீத அளவில் உள்ள இரும்பை எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் வாய் கெட்டியாகாது. தீட்டினால் ஒரு நாள் வெட்டும்.

மூன்றாவது: பட்டறையில் சொல்லிச் செய்தது

ஒரு காலத்தில் இந்த மலையின் அரிவாளும் கோடாலியும் மண்வெட்டியும் கோத்தர் பழங்குடியினரின் உலையிலிருந்து வந்தவை. கோத்தகிரி என்ற பெயரே அவர்களிடமிருந்து வந்தது. படுகர் ஊர்களுக்கு இரும்புக் கருவி செய்து தந்தவர்கள் அவர்கள்தான். இன்று பெரும்பாலான தோட்டக் கருவிகள் சமவெளியிலிருந்து ஏறி வருகின்றன. இந்த வீட்டுக்காரரும் மேட்டுப்பாளையம் பக்கம் உள்ள ஒரு கொல்லன் பட்டறைக்குத்தான் போனார். கொங்குப் பகுதியில் கொடுவாள் என்றும், கூடலூர், பந்தலூர் பக்கம் வாக்கத்தி என்றும் சொல்கிற அந்தக் குட்டையான, அகலமான, மூக்குள்ள வடிவத்தைக் கேட்டார்.

அவர் எழுதிக்கொண்டு போன அளவு இது. வாய் 11 அங்குலம், அதில் 9 அங்குலம் நேர். கடைசி 2 அங்குலம் மட்டும் சிறு மூக்காக உள்ளே வளையலாம். அகலம் 60 மி.மீ., மூக்கருகே 70. முதுகு பிடியருகே 6 மி.மீ., மூக்கருகே 5. மூக்குப் பக்கம் சற்றே அகன்றிருப்பதால் கனம் முன்னால் போகும். பிடியின் முன்விளிம்பிலிருந்து மூன்று அங்குலத்தில் விரலை வைத்தால் கத்தி தராசுபோல் நிற்க வேண்டும். அதற்கும் முன்னால் போனால் மணிக்கட்டு கடுக்கும். பிடியோடு ஒட்டியிருந்தால் அடி விழாது, கைதான் தள்ள வேண்டும்.

மூக்கு எதற்கு? கீழே கிடக்கும் கிளையைக் குனியாமல் இழுத்துப் போட. அடிக்கட்டையின் விளிம்பைத் தாண்டி வாய் போகும்போது தரையில் குத்தாமல் காக்கவும் உதவும். பெரிய மூக்கு வேண்டாம், வீச்சரிவாளில் பட்ட தொல்லை திரும்ப வரும்.

இரும்பு: லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டை. அதில் கார்பன் ஏறக்குறைய 0.5 முதல் 0.6 சதவீதம்; வெட்டுக்கத்திக்கு இந்த அளவு பொருத்தம். பட்டை 10 மி.மீ.க்கு மேல் தடிமன் இருக்கும், அடித்து இறக்கிக்கொள்ளலாம். ஜீப் பட்டை அகலம் போதாது. பழைய பட்டையில் ஒரு ஆபத்து உண்டு. ஆண்டுக்கணக்கில் வளைந்து நிமிர்ந்து உழைத்ததால் மயிரிழை விரிசல் உள்ளே இருக்கலாம், அதிலும் நடு போல்ட் துளையைச் சுற்றித்தான் அதிகம். அந்தத் துளைப் பகுதியைத் தவிர்த்து வெட்டிய துண்டைக் கேட்க வேண்டும்.

கொல்லரிடம் கேட்ட இன்னொன்று: "அண்ணா, வாயை மட்டும் எண்ணெயில முக்குங்க, முதுகு நனைய வேண்டாம்." முழுக் கத்தியும் கெட்டியானால் முதுகில் கட்டையால் தட்டும்போது ஒரு நாள் கண்ணாடிபோல் உடையும். வாயிலிருந்து ஓர் அங்குலம் கெட்டி, முதுகு இளக்கம் என்பதுதான் கணக்கு. ஸ்பிரிங் பட்டையைத் தண்ணீரில் தோய்த்தால் விரிசல் விழும் வாய்ப்பு அதிகம், அதனால் எண்ணெய். அதிலும் குளிர்ந்த எண்ணெய் ஆகாது. குளிரில் எண்ணெய் தடித்து, சூட்டை மெதுவாக வாங்கும். வாய் சரியாகக் கெட்டிப்படாது. மலைப் பட்டறையில் காலையில் வேலை செய்பவர்கள் காய்ந்த இரும்புத் துண்டு ஒன்றை முதலில் எண்ணெயில் போட்டுக் கைபொறுக்காத சூட்டுக்குக் கொண்டுவந்துவிடுவது நல்லது. தோய்த்த பிறகு வாயைத் தேய்த்து வெளுப்பாக்கி, மெல்லிய சூட்டில் நிறம் ஏற விடவேண்டும். வைக்கோல் நிறம் வந்ததும் நிறுத்தினால் வாய் கெட்டி, ஆனால் கணுவில் பல் பெயரும். பழுப்பு கடந்து ஊதா எட்டிப்பார்க்கும் இடம், ஏறக்குறைய 260 முதல் 280 டிகிரி, விறகுக் கத்திக்குச் சரி. நீலம் ஏறினால் வாய் இளகிவிட்டது என்று அர்த்தம்.

கையில் வாங்கும்போது பார்த்தவை

அளவு நாடாவும் சமையலறைத் தராசும் கொண்டுபோனது பட்டறையில் சிரிப்பை வரவழைத்திருக்கலாம். எடை 830 கிராம் வந்தது.

வாய் நேராக இருக்கிறதா என்று மூக்கிலிருந்து பிடிவரை ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்கள். முதுகை ஆணியால் தட்டிக் கேட்டார்கள்: விரிசல் இல்லாத கத்தி கணீரென்று ஒலிக்கும், விரிசல் உள்ளது அடைத்த குரலில் டொக்கென்னும். சந்தேகம் இருந்தால் இன்னொரு வழி உண்டு. மண்ணெண்ணெய் தடவிப் பத்து நிமிடம் விட்டு, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தேய்க்க வேண்டும். விரிசலுக்குள் போன எண்ணெய் ஊறி வெளியே வந்து, பொடியில் ஈரக் கோடாகத் தெரியும். பழைய பட்டையில் செய்த கத்திக்கு இதைச் செய்யாமல் வாங்கக் கூடாது.

அரத்தின் மூலையை முதுகில் இழுத்தால் எளிதாகக் கடிக்க வேண்டும். வாயில் இழுத்தால் தயங்கித் தயங்கிக் கடிக்க வேண்டும். வழுக்கிக்கொண்டே போனால் வாய் அளவுக்கு மீறிக் கெட்டி. முதுகைப் போலவே கடித்தால் தோய்ச்சல் ஏறவில்லை.

பிடியில் வாதம் நடந்தது. முழுப் பட்டையின் இரண்டு பக்கமும் மரம் வைத்துத் தறைந்த பிடி உறுதியானது. கனமும் கூடும், தறை ஆணி வழியாக ஈரம் நுழைந்து உள்ளே துரு பிடிக்கும். இரும்பையே குழலாகச் சுருட்டிய பிடி உடையாது, ஆனால் ஜனவரிக் காலையில் அதைப் பிடிக்கக் கை வராது. கடைசியில் வாலை, அதாவது கத்தி இரும்பின் பின்நீட்சியை, மரப்பிடிக்குள் இறக்கிப் பூண் போட்ட பழைய முறைதான். நிபந்தனை ஒன்று: வால் பிடியின் முழு நீளத்துக்கும் போய் அடியில் மடக்கி அடித்திருக்க வேண்டும். பாதியில் நிற்கும் வால்தான் வீச்சில் கத்தியைப் பறக்கவிடும்.

பிடி மரம் புளி, நீளம் ஐந்தரை அங்குலம், குறுக்குவெட்டு முட்டை வடிவம். வட்டப் பிடி கையில் சுழலும், கணுவில் பட்டதும் வாய் திரும்பிக்கொள்ளும். முட்டை வடிவத்தைக் கண்ணை மூடிப் பிடித்தாலே வாய் எந்தப் பக்கம் என்று தெரியும். அடியில் ஒரு குமிழ், ஈரக் கை நழுவாமல் இருக்க. கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு கத்தி பிடிப்பது மலையில் சாதாரணமாகப் பார்க்கிற காட்சி. வழவழப்பான பிடியோடு அது சேர்ந்தால் விபத்து. மணிக்கட்டில் மாட்டும் கயிறும் வேண்டாம். நழுவிய கத்தி தூரப் போகாமல் கயிற்றில் சுழன்று முழங்காலுக்குத்தான் வரும்.

வாய் இரு பக்கமும் சமமாகத் தீட்டியதா, ஒரு பக்கமா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சாய்த்த கத்தி செதுக்க நல்லது. ஆனால் அது வலக்கையருக்கானது. இந்த வீட்டில் மருமகள் இடக்கை. ஒருபக்கச் சாய்வு அவர் கையில் மரத்தைவிட்டு வெளியே, அதாவது காலை நோக்கி நழுவும். இரு பக்கமும் சமமாகவே வாங்கினார்கள்.

கொண்டுவரும் வழி பற்றி ஒரு வார்த்தை. ஆயுத விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளைக் கணக்கில் எடுக்கின்றன. வீட்டு, விவசாய வேலைக்கென்று செய்தவை அதில் சேராது. என்றாலும் வெறுங்கத்தியோடு பஸ்ஸில் ஏறினால் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டிவரும். சாக்கில் சுற்றி, கட்டி, பட்டறைச் சீட்டையும் வைத்துக்கொள்வது உத்தமம். விறகுக்காக மரத்தையே வெட்டுவதானால் அது வேறு விவகாரம். 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப் பகுதிகள் மரப் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்த நிலத்து மரத்துக்கும் அனுமதி வேண்டும்.

முதல் வாரத்தில் மடங்கிய வாய்

இவ்வளவு பார்த்து வாங்கிய கத்தி, மூன்றாம் நாளே சீகையில் மடங்கியது. வெளிச்சத்தில் வாயைப் பார்த்தால் பளிச் பளிச்சென்று புள்ளிகள். தீட்டிய வாயில் ஒளி நிற்காது. ஒளி தெரிந்தால் அந்த இடம் மழுங்கியது அல்லது மடங்கியது. தீட்டினார்கள், மறுபடி மடங்கியது. "தோய்ச்சலே இல்லை, ஏமாற்றிவிட்டார்" என்று திருப்பிக் கொடுக்கக் கிளம்பிவிட்டார்கள்.

கொல்லர் ஏமாற்றவில்லை. உலையில் காயும்போது இரும்பின் மேல்தோல் கார்பனை இழக்கும். அந்தத் தோல், முழுத் தோய்ச்சல் ஏறினாலும் இளக்கமாகவே இருக்கும். போதாக்குறைக்கு, கடைசி வாயைப் பட்டறையில் கையடக்க கிரைண்டரில் பிடித்திருந்தார்கள். தண்ணீர் தொடாமல் பிடித்த மெல்லிய வாய் நொடியில் நீலம் பாயும், அந்த இடத்துத் தோய்ச்சல் போய்விடும். வாயின் இரண்டு இடங்களில் நீலத் தடம் உண்மையிலேயே தெரிந்தது. இந்த இரண்டும் விளிம்பின் முதல் ஒரு மி.மீ.க்குள் நடக்கிற காரியம். அடியில் நல்ல இரும்பு அப்படியே இருக்கும்.

மருந்து எளிது, பொறுமைதான் வேண்டும். கத்தியைப் பிடிக்கருவியில் இறுக்கி, அரத்தால் விளிம்பை ஒரு மி.மீ. முழுக்கத் தேய்த்து மழுக்கினார்கள். அரம் முதலில் சளசளவென்று ஓடி, பிறகு தயங்கத் தொடங்கிய இடம்தான் நல்ல இரும்பு. அதன் பிறகு இரு பக்கமும் புதிதாகச் சாய்வு எடுத்தார்கள். 60 மி.மீ. அகலக் கத்தியின் முதுகைக் கல்லிலிருந்து 18 மி.மீ. உயர்த்தினால், பக்கத்துக்கு ஏறக்குறைய பதினேழரை டிகிரி, இரண்டும் சேர்ந்து 35. ஒரு ரூபாய் நாணயத்தை நிமிர்த்தி வைத்த உயரத்துக்குச் சற்றுக் குறைவு என்று கண்ணால் பழகிக்கொள்ளலாம். தட்டையாகத் தீட்டாமல், கையை லேசாக உருட்டித் தீட்டினால் வாய் மீன் வயிறு மாதிரி உப்பி நிற்கும். அந்த உப்பல்தான் மரத்தைத் தள்ளி, கத்தியை மாட்டாமல் வெளியே விடும். அதற்குப் பிறகு அதே சீகைக் கணுவில் பத்து அடி. ஒளிப் புள்ளி இல்லை.

புதுக் கத்தியைத் தீட்டி மூன்று முறை தோற்காமல் குறை சொல்லக் கூடாது என்று பட்டறைகளில் சொல்வதில் இரும்பின் நியாயம் இருக்கிறது.

வெட்டும் முறை

கத்தி சரியான பிறகும் அடி சரியில்லாவிட்டால் பயனில்லை. கிளைக்குச் செங்குத்தாக அடித்தால் எல்லா நாரையும் ஒரே நேரத்தில் அறுக்க வேண்டும்; கத்தி எகிறும். 45 டிகிரி சாய்த்து ஒரு அடி, எதிர்ச்சாய்வில் மறு அடி, நடுவில் ஆப்புச் சில்லு பெயர்ந்து விழும். மணிக்கட்டுப் பருமன் சீகை ஐந்தாறு அடியில் போகாவிட்டால் நிறுத்தி வாயைப் பாருங்கள்.

அடிக்கட்டை முழங்கால் உயரம், குறைந்தது ஓரடி விட்டம். கிளையை அதன் அந்தப்பக்க விளிம்பில் வைத்தால், தவறிய அடி கட்டையில் முடியும். இந்தப்பக்க விளிம்பில் வைத்தால் காலில் முடியும். மறுகை வெட்டும் இடத்திலிருந்து இரண்டு சாண் தள்ளி. குட்டைத் துண்டைக் கையால் பிடிக்காமல் இன்னொரு குச்சியால் அழுத்திக்கொள்ள வேண்டும். சிம்பு பிளக்கும்போது வாயைத் துண்டின் தலையில் பதித்து, முதுகில் சில்வர் ஓக் கட்டையால் தட்டினால் போதும். சுத்தியல் ஆகாது, இரும்போடு இரும்பு மோதிச் சில்லு தெறிக்கும்.

பிப்ரவரியில் ஆடிய பிடி

கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழை நன்றாகவே பெய்யும். அந்த ஈரத்தில் புளிய மரப் பிடி உப்பி இறுகியிருந்தது. உறைபனி மாதங்களின் வறண்ட காற்றில் சுருங்கி, பிப்ரவரியில் கடகடத்தது. தண்ணீரில் ஊறப்போட்டால் உடனே இறுகும், ஆனால் அது இரண்டு நாள் வேலை; உள்ளே வால் துருப்பிடித்து, அடுத்த முறை இன்னும் ஆடும். பூணைக் கழற்றி, வாலைத் துடைத்து, இடைவெளியில் இரண்டு கலவை எபாக்சி பசை ஊற்றி இறுக்கினார்கள். முன்பு இதற்கு அரக்கை உருக்கி ஊற்றுவார்கள். அதுவும் நன்றாகவே நிற்கும். பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் இரண்டு மூன்று பூச்சு. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் கொட்டகையில் போடக் கூடாது, தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட வேண்டும்.

துருவுக்குத் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்வது சமவெளி ஆலோசனை. இங்கே ஆண்டில் பாதி நாள் அது பாட்டிலில் கல்லாக இருக்கும். தையல் மெஷின் எண்ணெய் போதும். வேலை முடிந்ததும் சீகைப் பிசினை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, எண்ணெய் தொட்டு, சுவரில் தொங்கவிடுகிறார்கள். அடிக்கட்டையில் கொத்தி நிறுத்திவைக்கும் வழக்கத்தை விட்டுவிட்டார்கள். ஈரக் கட்டையில் நின்ற வாய் ஒரே இரவில் பழுத்துவிடுகிறது. வாரம் ஒரு முறை கல்லில் பக்கத்துக்குப் பத்து இழுப்பு, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அரம்.

பழைய இரண்டும் வீணாகவில்லை. மேச்செட் வேலியோர உண்ணிச்செடிக்குப் போனது, பச்சைத் தண்டில் அதை மிஞ்ச ஆளில்லை. வீச்சரிவாளின் வளைந்த நுனியை ஈரத்துணி சுற்றி, இடையிடையே தண்ணீரில் நனைத்து, சூடேறாமல் கிரைண்டரில் அறுத்தெடுத்தார்கள். மிச்சம் 9 அங்குலம், எடை அரைக் கிலோவுக்கும் குறைவு. கவாத்துக் குச்சியை உட்கார்ந்தபடி ஒடிக்கிற பாட்டி இப்போது அதைத்தான் கேட்டு வாங்கிக்கொள்கிறார்.